ஒரே பாய், பல பீஸ்: சௌல்தாரியின் பிள்ளை பார்க்கும் வீடு குறித்து ஒரு விசாரணை

ஒரே அக்கா, ஒரே பாய், ஒரே பருப்புச் சோறு. பீஸ் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு. தெற்கு அந்தமானின் சௌல்தாரி போன்ற ஊர்களில் நிலவும் இந்த விந்தையை ஆராயப் பொருளியல் அறிஞர் எவரும் கப்பலேறியதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

கோட்பாட்டிலிருந்து தொடங்குவோம். ஒரே சரக்கை ஆளுக்கொரு விலையில் விற்பதை மூன்று தரமாகப் பிரித்தவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிகூ, ஆண்டு 1920. கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாதவர், ஆகவே பிள்ளையை எங்கே விடுவது என்ற கவலை அவருக்கு வந்திருக்காது. ஒவ்வொருவரிடமும் அவரால் தரமுடிந்த உச்சத் தொகையை வாங்குவதுதான் முதல் தரம். வாங்குபவரின் மடியில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்குத் தெரியாதே, நடைமுறையில் இது ஆகாது என்பார்கள் பொருளியலார். அக்காவுக்குத் தெரியும். யார் டி.ஆர்.எம். (தினக்கூலி), யார் பர்மனென்ட், எந்த வீட்டுக்குப் புது பிரிட்ஜ் வந்து இறங்கியது, எல்லாம் தெரியும்.

பீஸ் பேசும் முறையை அருகிலிருந்து கவனிக்க வேண்டும். “எவ்ளோக்கா?” என்றால் அக்கா தொகை சொல்வதில்லை. “பாத்துக் குடுங்க” என்கிறார். பேரம் முழுதும் அந்த ரெண்டு சொல்லுக்குள் நடந்துவிடுகிறது. தினக்கூலித் தாய் தயங்கித் தயங்கி ஒரு தொகை சொல்கிறாள். அதிலும் கொஞ்சம் குறைகிறது. மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்த அம்மாளோ, சென்னை ரேட்டை நினைத்துக்கொண்டு ஊரில் பேசிக்கொள்ளும் தொகையைக் கேட்டதும், “இவ்ளோதானா?” என்றுவிடுகிறார். அந்த ஒரு ஆச்சரியத்துக்கு அவர் மாதாமாதம் கட்டுகிறார். மீன்பிடிக்கும் வீடு பாதியைச் சூரையாகக் கொடுத்துக் கழிக்கிறது. முதல் போணியாக வந்த பிள்ளைக்கு இன்னும் பழைய ரேட்தான்; தம்பி பிறந்து அவனும் அதே ரேட்டில் சேர்ந்துவிட்டான்.

தாமதக் கட்டணம் தனி இயல். கடிகாரம் இங்கே உதவாது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வகுத்தது. இந்தத் தீவோ 92.7 பாகைக்கு அருகே கிடக்கிறது. ஏறத்தாழ 40 நிமிட வித்தியாசம். டிசம்பரில் ஐந்து மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர்) ஆபீஸ் விட்டுப் பஸ் பிடித்து வரும் தாய் நேரத்தோடுதான் வருகிறாள். ஆனால் கொசு அவளுக்கு முன்னால் வந்துவிடுகிறது. கொசுவர்த்தி ஏற்றியபிறகு வந்தால் லேட். சூரியனை நம்பி வசூலிக்கும் ஒரே கட்டணம் இதுவாக இருக்கலாம்.

இதை அநியாயம் என்போர் அரசாங்கத்தைப் பார்க்கட்டும். 2017-இல் திருத்தியமைத்த தேசியக் காப்பகத் திட்டத்தில் ஒரே தொட்டிலுக்கு மூன்று விலை இருந்தது: வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள வீட்டுக்கு மாதம் 20 ரூபாய், 12,000 ரூபாய் வரை மாத வருமானம் என்றால் 100, அதற்கு மேல் 200. பத்து மடங்கு வித்தியாசம்! அக்காவுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. அரசு அதை எழுதி ஒட்டியது, அக்கா ஒட்டவில்லை. சிக்கல் முழுக்க அங்கேதான். என் கணிப்பில், கூடக் கட்டுவது யாரையும் சுடுவதில்லை. கூடக் கட்டியது தெரியவருவதுதான் சுடுகிறது. தெரியவரும் இடம் பெரும்பாலும் ஏதாவதொரு பிள்ளையின் பர்த்டே, கேக் வெட்டியபின், சமோசாவுக்கு முன்.

அப்படித் தெரிந்துகொண்ட மாற்றலம்மாள் மறுநாள் காலையே நேரில் கேட்டார். அக்கா அசரவில்லை.

“அவ பிள்ளை பாதி நாள் தூங்குதும்மா. உங்க பையன் கொட்டக் கொட்ட முழிச்சே இருக்கான். அவன் தூங்கினா நானும் கொறைச்சுக்கறேன்.”

விழித்திருக்கும் நேரத்துக்கு விலை வைப்பது பிகூவின் மூன்று தரத்திலும் இல்லை. அந்த வாரத்திலிருந்து அப்பையனை வீட்டில் ராத்திரி பதினொரு மணிவரை தூங்கவிடுவதில்லை என்று கேள்வி.