பூனைக்கு மாப்பு கட்டியவன்

பூனைக்கு மணி கட்டத்தான் ஆள் கிடைப்பதில்லை. மாப்பு கட்ட நான் இருக்கிறேன்.

யோசனை என்னுடையதல்ல. ஜப்பானில் கென்ஜி கவகாமி என்பவர் ‘சிந்தோகு’ என்று வகைக்கே பெயர் வைத்து, கோணங்கித்தனமான பொருள்களாகச் செய்து காட்டியவர். ஒரு சிக்கலைத் தீர்க்க வந்து அதைவிடப் பெரிய சிக்கலை இழுத்துவிடும் பொருள்கள். பூனையின் நான்கு கால்களிலும் மாட்டும் தூசி துடைக்கும் செருப்பு அதில் ஒன்று. தவழும் குழந்தைக்கு மாப்பு தைத்த உடுப்பும் உண்டு. சிந்தோகுவுக்கு விதிகள் இருக்கின்றன: விற்கக் கூடாது, காப்புரிமை வாங்கக் கூடாது, நிஜமாகவே பயன்பட்டுவிடவும் கூடாது. எல்லோரும் அந்தச் செருப்பின் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு எங்கள் வீட்டுக் கட்டிலின் அடிப்பகுதி ஞாபகம் வந்தது.

ஜீவராசிகளை வேலைக்கு வைப்பதில் எனக்கு முன்னனுபவம் வேறு இருந்தது. கண்ணாடித் தொட்டியில் படியும் பாசியைத் தேய்க்கச் சோம்பல்பட்டு, ‘டேங்க் கிளீனர்’ மீன் வாங்கினேன். “இதைப் போட்டா தொட்டியைக் கழுவவே வேணாம் சார்” என்றார் கடைக்காரர். விரல் நீளத்தில் வந்தது, கொஞ்ச நாள் பாசியைத் தின்றது. பிறகு மற்ற மீன்களுக்குப் போடும் தீனியில் ருசி கண்டுகொண்டு, நாள் முழுக்கக் கழிந்துகொண்டே இருந்தது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த இனம் ஓரடிக்கு மேலும் வளரும் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. வளர்த்தவர்கள் சமாளிக்க முடியாமல் ஏரியில் விட்டுவிட, அங்கே பல்கிப் பெருகி, முரட்டுச் செதிலால் மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. அந்தப் பாவம் வேண்டாமென்று வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். சுத்தம் செய்ய வந்தவருக்காக இப்போது வாராவாரம் தொட்டி கழுவுகிறேன்.

கொசுப்புழு தின்னத் தண்ணீர்த் தொட்டியில் விட்ட கப்பி மீன்கள் மட்டும் ஒழுங்காக வேலை பார்க்கின்றன. அதில் என் பங்கு எதுவும் இல்லாததே காரணமாக இருக்கலாம்.

பூனைக்கு வருவோம். பழைய பனியனைக் கிழித்து நான்கு காலுறை தைத்து, ஓரத்தில் மாப்பு நூலை வைத்தேன். மாட்டி முடிப்பதற்குள் என் முழங்கை வரை கீறல். தரையில் விட்டதும் சுடுமணலில் நிற்பதுபோல் ஒவ்வொரு காலாகத் தூக்கி உதறியது. அப்புறம் கட்டை சாய்ந்தாற்போல் பக்கவாட்டில் விழுந்து, என்னையே பார்த்தது. கொஞ்சம் நெத்திலிக் கருவாட்டை எடுத்து ஆட்டினேன். அவ்வளவுதான், கருவாட்டைப் பிடுங்கிக்கொண்டு நேராகக் கட்டிலுக்கு அடியில் பாய்ந்தது. நான் துடைக்க நினைத்த அதே இடம்! ஆனால் அங்கே போனதும் உட்கார்ந்துவிட்டது.

காலுறையைக் கழற்றாமல் விட மனசு வரவில்லை. குப்புறப் படுத்து, ஊர்ந்து உள்ளே போனேன். அது சுவர் மூலைக்கு நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். அது தலைமாட்டுக்குப் போனது, நானும் போனேன். நாலாவது உறையோடு வெளியே வந்தபோது சட்டை, வேட்டி, தலைமுடி எங்கும் ஒட்டடையும் தூசியும். என் தங்கையின் கல்யாணத்தில் தொலைந்த மூக்குக்கண்ணாடியும் கையில் இருந்தது.

மாலையில் அம்மா குனிந்து பார்த்தாள். தரை பளிச்சென்று இருந்தது.

“சும்மா சொல்லக் கூடாதுடா, நல்லாத்தான் துடைச்சிருக்கு” என்றவள், மிச்சமிருந்த கருவாட்டையும் பூனைக்கே போட்டாள்.