அமுக்குவானும் அட்வான்ஸும்

அமுக்குவானின் எடை என்னவென்று யாரும் தராசில் வைத்துப் பார்த்ததில்லை. என் நெஞ்சைக் கேட்டால் ஒரு மூட்டை பொன்னி அரிசி இருக்கும் என்று சொல்லும். விடியப்போகிற நேரத்தில் திடீரென்று விழிப்பு வரும். மேலே மின்விசிறி சுற்றுவது தெரியும், பக்கத்து அறைக்காரரின் குறட்டை கேட்கும். ஆனால் கை, கால், நாக்கு எதுவும் சொன்ன பேச்சைக் கேட்காது. அறைக்குள் வேறு யாரோ இருக்கிறார்கள் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரியும். அப்புறம் அந்த யாரோ ஏறி உட்காருவார்.

பலருக்கு அவர் கறுப்பு நிழலாகவோ தலைவிரி கோலமாகவோ காட்சி தருவதாகக் கேள்வி. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் குடியிருந்தபோதுதான் இது எனக்குத் தொடங்கியது. வாசலில் நின்ற உருவத்தின் கக்கத்தில் நீளமாக ஒரு நோட்டு இருந்தது. வாடகை வசூலிக்கும் மேனேஜர்! பேய் என்றால் திருநீறு பூசிக்கொண்டு படுக்கலாம். இவருக்கு ஒன்றாம் தேதியைத் தவிர வேறு பரிகாரம் கிடையாது.

ஆச்சி சின்ன வயதிலேயே எச்சரித்திருந்தாள். “ஏல, மல்லாக்கப் படுக்காத. அமுக்குவான் வந்து நெஞ்சுல ஏறி உக்காந்துருவான்.” மீறிப் படுத்தால் தலைமாட்டில் விளக்குமாறும், தலையணைக்கு அடியில் ஒரு துண்டு இரும்பும் வைக்க வேண்டும். மேன்ஷனில் என் வசமிருந்த இரும்பு நகவெட்டி ஒன்றுதான். அதைப் பார்த்து அமுக்குவான் பயந்ததாகத் தெரியவில்லை.

பின்னாளில் ஒரு டாக்டர் இதற்கு ‘ஸ்லீப் பராலிசிஸ்’ என்று பெயர் சொன்னார். அசதி, தூக்கக் குறைவு, கண்ட நேரத்தில் படுப்பது, முக்கியமாக மல்லாந்து படுப்பது எல்லாம் இதைக் கூட்டுமாம். ஃபீஸ் வாங்காமல் ஆச்சி சொன்னதில் பாதியைத்தான் அவரும் சொன்னார். விளக்குமாறு பற்றிக் கேட்டேன். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், தூங்குகிறவர்களின் விழிகள் மூடிய இமைக்குள் ஓடித் திரியும் ஒரு கட்டம் இருப்பதை எழுதினார்கள். அதுதான் ரெம் தூக்கம். கனவு கொட்டுகிற நேரம். அந்த நேரத்தில் மூளைத்தண்டு உடம்பின் தசைகளைப் பூட்டிவிடுகிறது. இந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்று தேடியவர் பிரான்சின் லியோன் நகரத்து மிஷேல் ஜூவே. பூனைகளின் மூளைத்தண்டில் குறிப்பிட்ட இடத்தைப் பழுதாக்கினார். அவை தூக்கத்திலேயே எழுந்து, இல்லாத எலியின் மேல் பாய்ந்தன. நமக்கும் பூட்டு இல்லையென்றால் என்னாகும்? கனவில் நான் மேனேஜருக்கு விடும் அறை பக்கத்தில் படுத்திருக்கும் என் மனைவிக்குப் போய்ச்சேரும். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே இருக்காது.

அமுக்குவான் வரும் இரவில் மூளை விழித்துக்கொள்கிறது, பூட்டு திறக்க மறந்துவிடுகிறது, கனவோ இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. உதரவிதானம் பூட்டுக்கு விலக்கு. அதனால் மூச்சு நிற்காது. நெஞ்சுத் தசைகள்தான் ஒத்துழைக்காமல், யாரோ அமர்ந்திருப்பதாகப் பாரம் கூட்டுகின்றன. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அடிவயிற்றிலிருந்து அலறினேன். மனைவி பக்கத்தில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்ததும் ஆத்திரமாகக் கேட்டேன். “ஏதோ பாட்டு முணுமுணுக்கிறீங்கன்னு நெனச்சேன்” என்றாள்.

இந்த ஆசாமி உலகம் சுற்றுகிறவர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழவியாக வந்து உட்காருகிறார். ஜப்பானில் ‘கனாஷிபாரி’ என்று உடம்பைக் கட்டிப்போடுகிறார். 1781-ல் ஃபியூஸ்லி என்கிற சுவிஸ் நாட்டு ஓவியர் ‘கொடுங்கனவு’ என்று ஒரு படம் வரைந்தார். இப்போது டெட்ராய்ட் கலைக்கூடத்தில் இருக்கிறது. படுத்திருக்கும் பெண்ணின் மேல் குட்டிப்பிசாசு ஒன்று குந்தியிருக்கும். கவனித்தால் அவள் படுத்திருப்பது மல்லாக்க. உடையும் உருவமும் அந்தந்த ஊர் சப்ளை. உட்காரும் இடம் மட்டும் பெரும்பாலும் நெஞ்சுதான். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான கணக்குப்படி, வாழ்நாளில் ஒரு முறையாவது இதில் மாட்டியவர்கள் பொதுமக்களில் சுமார் 8 சதவீதம், மாணவர்களில் 28 சதவீதம். ஹாஸ்டலில் தங்கிப் பரீட்சை எழுதியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

என் சபலம் இங்கேதான் ஆரம்பித்தது. அமுக்குவானுக்கு ஒரு நல்ல உறவுக்காரர் உண்டு: தெளிகனவு. கனவு காண்கிறோம் என்று தெரிந்தே காணும் கனவு. நெதர்லாந்தின் வான் ஈடன் 1913-லேயே இதைப் பற்றி எழுதினார், உலகம் நம்பவில்லை. 1975-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் ஆலன் வொர்ஸ்லி என்பவர், கீத் ஹெர்னின் ஆய்வுக்கூடத்தில் தூங்கியபடியே, முன்பே பேசிவைத்த மாதிரி கண்களை இடமும் வலமும் ஆட்டிக் கனவுக்குள்ளிருந்து சேதி அனுப்பினார். பூட்டு கண்ணைத் தொடாது அல்லவா? 2021-ல் இன்னும் ஒரு படி மேலே போய், கனவில் இருப்பவரிடம் எட்டில் ஆறு போனால் எவ்வளவு என்று கேட்டு, கண்ணசைவிலேயே ‘இரண்டு’ என்று விடை வாங்கிவிட்டார்கள். விழித்திருக்கும்போதே என்னிடம் விடை வாங்க முடியாத கணக்கு வாத்தியாரை நினைத்துக்கொண்டேன்.

அமுக்குவான், தெளிகனவு இரண்டுமே விழிப்பும் கனவும் கலந்த நிலைகள்தான். ஒன்று வருகிறவர்களுக்கு மற்றொன்றும் வரும் வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். தெளிகனவுப் பிரியர்கள் அமுக்குவானையே வாசற்படியாக்கிக்கொள்கிறார்கள்: முண்டாதே, பயப்படாதே, உடம்பை விட்டுவிடு, அப்படியே கனவுக்குள் நழுவிப் போ. உள்ளே போனதும் பறக்கலாம், கடலுக்கு மேல் நடக்கலாம், கேட்பார் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரியாணிக்குப் பிறகு, ஆச்சியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு மல்லாக்கப் படுத்தேன். வந்தார். “வாங்க, உக்காருங்க” என்று மனதால் உபசரித்தேன். இந்த மரியாதையை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, பாரம் குறைந்தது. உடம்பு லேசாகி மிதந்தது. கண்ணைத் திறந்தால் பழைய மேன்ஷனின் வராந்தா. சுவரில் ‘தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்’ என்று பலகை. மறுபடி பார்த்தபோது எழுத்து மாறி ‘சிக்கனைத் தண்ணீராகப் பயன்படுத்தவும்’ என்றிருந்தது. எழுத்து மாறினால் கனவு என்று படித்திருக்கிறேன். சந்தேகமே இல்லை, நான் கனவில் இருக்கிறேன்! இந்த உலகம் முழுவதும் என்னுடையது!

கைப்பிடிச் சுவரில் ஒரு காலை வைத்தேன். மெரினா பக்கம் பறப்பதாக உத்தேசம்.

“மூணு மாசம் பாக்கி இருக்கு தம்பி.”

பின்னால் மேனேஜர். கக்கத்தில் நோட்டு. அவரை ஊதி அணைக்கலாம், எலியாக மாற்றலாம், கூப்பிடக் கூப்பிடப் பறந்து போயிருக்கலாம். நான் காலைக் கீழே இறக்கி, சட்டையைச் சரிசெய்துகொண்டு, “ஒண்ணாம் தேதி கண்டிப்பா குடுத்துடறேன் சார்” என்றேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். முழிப்பு வந்துவிட்டது.

மனைவியிடம் நடந்ததை விடாமல் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

“ஏங்க, காலி பண்ணப்ப அந்த மேன்ஷன்ல உங்க அட்வான்ஸைத் திருப்பித் தரவேயில்லல்ல?”

“ஆமா.”

“அடுத்த வாட்டி போனா முதல்ல அதைக் கேளுங்க.”