பாயில் உட்காரும் வாத்தியாருக்கு

வாங்க வாத்தியார் தம்பி, இப்படித் திண்ணையில உக்காருங்க. புதுசா வந்த வாத்தியாரு அஞ்சாப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு கம்மாய்க்கரையில அலையுதாருன்னு ஊரெல்லாம் ஒரே பேச்சு. "கம்மாயைக் காட்டுறதுக்கு எதுக்கு வாத்தியாரு, எங்க வீட்டு எருமை போதாதா"ன்னு ஒருத்தி கேக்கா. நான் உங்க பக்கம்தான் தம்பி. இருந்தாலும் வயசானவன் வாய் சும்மா இருக்குமா? ரெண்டு புத்தி சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க.

முதல்ல, பிள்ளைகளைக் கேள்வி கேக்க விடாதீங்க. இன்னைக்கு "மீனு தண்ணிக்குள்ள தூங்குமா"ன்னு கேப்பான். நாளைக்கு "கம்மாய்க்குள்ள நின்ன சீமைக்கருவேலை எல்லாத்தையும் யாரு ஏலத்துக்கு எடுத்தா, துட்டு எங்கே"ன்னு கேப்பான். மீனோட நிறுத்திக்கிட்டா உங்களுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

அப்புறம் நீங்க நாற்காலியை விட்டுட்டுப் பாயில உக்காருற விவகாரம். எங்க காலத்து வாத்தியாருக்கு நாற்காலி, மேசை, பிரம்பு மூணும் இருந்தாப் போதும், படிப்பு ரெண்டாம்பட்சம். 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிக்கூடங்கள்ல எம்.பி. விஜயகுமார்னு ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி மூணுக்கும் உலை வச்சாரு. செயல்வழிக் கற்றல்னு பேரு. ஆந்திராவில மதனப்பள்ளி பக்கம் ரிஷி வேலிக்காரங்க, கிராமத்துப் பிள்ளைகளுக்குன்னு பாடத்தை அட்டை அட்டையாப் பிரிச்சு வச்சிருந்தாங்க. அதைப் பாத்துட்டு வந்து செஞ்சதுதான். அஞ்சு வருசத்துக்குள்ள நம்ம பட்டிக்காடு வரைக்கும் வந்திருச்சு.

சுவத்தில ஒரு ஏணிப்படம். தான் எந்தப் படியில நிக்கோம்னு பிள்ளை தானே பாக்கும், தானே போயி அட்டையை எடுக்கும், பாயில உக்காந்து படிக்கும். ஒண்ணாப்புல இருந்து நாலாப்பு வரைக்கும் ஒரே அறைக்குள்ள கலந்து கிடக்கும். சுவரைச் சுத்தித் தாழ்வாக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு துண்டு. வாத்தியாரும் பாயிலதான். எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது எது தெரியுமா? காய்ச்சல்ல படுத்த பிள்ளையோ, பருத்தி எடுக்கப் போன பிள்ளையோ பத்து நாள் கழிச்சு வந்தாலும் விட்ட படியில இருந்தே ஏறலாம். அதுக்கு முன்னாடியெல்லாம் பிள்ளைதான் நிக்கும், பாடம் யாருக்காகவும் நிக்காது. போன பாடத்துக்குப் பின்னாடி கொஞ்ச நாள் ஓடிப் பாத்துட்டு, பிறகு மாட்டுக்குப் பின்னாடி போயிரும்.

ஆனா ஊர்ப் பெரியவங்களுக்கு வந்துச்சே கோபம்! "வாத்தியாரு தரையில உக்காந்தா மரியாதை என்னத்துக்காகும்?" நாற்காலிக் கால்லயா மரியாதையைக் கட்டி வச்சிருந்தீங்கன்னு நான் கேட்டதுக்கு, மூணு மாசம் என்கிட்ட யாரும் பேசல.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பிள்ளை ஏணியில ஏறுச்சோ இல்லியோ, பதிவேட்டுல ஏறியிருக்கணும்னு ஆகிப்போச்சு. இப்போ 2022-ல இருந்து எண்ணும் எழுத்தும்னு ஒரு திட்டம். அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைகளுக்கு மூணு நிலை. பேரெல்லாம் மணக்கு. ஆனா தம்பி, பூ மலர்ந்ததைப் பாக்க நேரமில்லாம, மலர்ந்துட்டுதுன்னு செல்போன்ல ஏத்திக்கிட்டே இருக்கீங்களே, அதை என்னன்னு சொல்ல?

பெரிய பிள்ளையும் சின்னப் பிள்ளையும் தரையில கலந்து உக்காந்து படிக்கிறது ஒண்ணும் புதுசில்லைங்கிறதையும் தெரிஞ்சு வச்சுக்கிடுங்க. 1789-ல மெட்ராஸ் எழும்பூர்ல, பட்டாளத்துக்காரங்க விட்டுட்டுப் போன பையன்களுக்கு ஒரு விடுதி இருந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டவரு ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரியாரு. நம்ம நாட்டுப் பள்ளிக்கூடம் ஒண்ணுல பிள்ளைக மணல்ல விரலால எழுதுறதைப் பாத்தாரு. இங்கேயும் அப்படிச் செய்யுங்கன்னாரு. அவருக்குக் கீழே இருந்த வாத்தியார்மாரு முகத்தைச் சுளிச்சாங்க. சரி போங்கன்னு எட்டு வயசுப் பையன் ஒருத்தனைப் பிடிச்சு, சின்னதுகளுக்குச் சொல்லிக்கொடுக்க விட்டாரு. பையன் ஜெயிச்சுட்டான். பாதிரியாரு 1797-ல லண்டன்ல புத்தகமே போட்டுட்டாரு. மெட்ராஸ் முறைன்னு சீமை பூராவும் பரவுச்சு. நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை வேலைதான், கப்பலேறிப் போனதும் மவுசு வந்துட்டுது.

இதைக் கேட்டதும், பாட்டன் காலமே பொற்காலம்னு கிளம்பிராதீங்க. எண்சுவடி வாய்ப்பாடு படிச்ச பையன் காணி, முந்திரின்னு முன்னூத்தி இருபதுல ஒரு பங்கு வரைக்கும் பாராமச் சொல்லுவான், வாஸ்தவம். நெல்லளக்கவும் நிலமளக்கவும் அந்தக் கணக்குத்தான் உதவுச்சு. ஆனா தப்பாச் சொன்னாக் கோதண்டம், கயித்தைப் பிடிச்சுக்கிட்டு உத்தரத்துல தொங்கணும். அந்தத் திண்ணையிலயும் எல்லா வீட்டுப் பிள்ளையும் ஏறிர முடியாது. எங்க பாட்டன் தெருவோடதான் நின்னாரு.

வாழ்க்கையில இருந்தே படிப்புன்னு நீங்க சொல்லும்போது என் வயசுக்காரன் எவனாவது திடுக்குன்னு முழிச்சா, கோவிச்சுக்கிடாதீங்க. 1953-ல எனக்குப் பத்து வயசு. ராஜாஜி முதலமைச்சரு. கிராமத்துப் பிள்ளைக்கு மூணு மணி நேரம் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் பாத்துப் பழகிக்கிடட்டும்னு ஒரு திட்டம் கொண்டுவந்தாரு. கேக்க எம்புட்டு அழகு! நீங்க பயிற்சிக்குப் போன இடத்துல சொல்லிக்கொடுத்த அனுபவம், செயல், சூழல் எல்லாமே அதுக்குள்ள இருக்கு. வெளுக்கிறவன் மகன் வெளுப்பைப் படிப்பான், செரைக்கிறவன் மகன் கத்தியைத் தீட்டிப் படிப்பான். பட்டணத்து வக்கீல் மகன் மட்டும் பாவம், முழுநாளும் புத்தகத்தோட மாரடிப்பான். குலக்கல்வின்னு பேரு வச்சுப் பெரியார் கிளம்புனாரு. 1954-ல காமராசர் வந்து அதைத் தூக்கிப் போட்டாரு. இல்லைன்னா உங்க தாத்தா வாத்தியாரு வேலையைக் கனவுலயும் கண்டிருக்க மாட்டாரு, நீங்களும் இந்தத் திண்ணைக்கு வந்திருக்க மாட்டீங்க.

திட்டம் போச்சு, அந்தப் படிப்பு போகல. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசின்னு இந்த வட்டாரத்துல அப்பல்லாம் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸு விடியுமுன்ன வந்து நிக்கும். எட்டு வயசுப் பிள்ளைக தூங்கிக்கிட்டே ஏறும். கட்டை அடுக்க அடுக்க எண்ணிக்கை தானா வந்துரும். ஒரு குரோஸுன்னா நூத்தி நாப்பத்தி நாலுன்னு எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுக்கல. செய்து கற்றல்னா அதுக்கு மேல என்ன வேணும்? மதிப்பெண்ணும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கையில துட்டா வந்துரும்.

அதுக்காக, ஆட்டை வச்சுப் பாடம் நடத்தாதீங்கன்னு சொல்லுவேனா? எட்டயபுரம் சந்தைக்கே கூட்டிட்டுப் போங்க. வியாபாரி ஆட்டைத் தூக்கிப் பாத்து, முதுகைத் தடவி, கறி எத்தனை கிலோ தேறும்னு மனசுக்குள்ளயே ஒரு கணக்குப் போடுவான் பாருங்க. தோலைக் கழிச்சு, குடலைக் கழிச்சு, வண்டி வாடகையைக் கழிச்சு, வாயைத் திறக்காம விலைக்கு வருவான். அந்தக் கணக்கைப் பிள்ளைக பிரிச்சு எழுதட்டும். நீங்க கரும்பலகையில போட்டீங்களே, "ஒரு ஆட்டின் விலை ரூ. 100 எனில் 7 ஆடுகளின் விலை என்ன?" கிடை போடுறவரு பேரன் நேரா என்கிட்ட வந்து, "தாத்தா, எந்தச் சந்தைன்னு சாரைக் கேட்டுச் சொல்லுங்க, ஏழையும் பிடிச்சுப்போடுவோம்"னான்.

ஆனா அவனை ஆட்டோடயே விட்டுட்டு வந்திராதீங்க. அசைபோடுற வயித்துல நாலு அறை எதுக்குன்னு அவன் கேக்கணும், நீங்க புத்தகத்தை எடுக்கணும். சந்தைக்குப் போற அதே பஸ்ஸுல பைபாஸ் ரோட்டு மெட்ரிக் பிள்ளைகளையும் ஏத்துங்க. ஆட்டு வீட்டுப் பிள்ளைக்கு ஆடு, கம்ப்யூட்டர் வீட்டுப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர்னு பிரிச்சீங்கன்னா, அது 1953-தான், கலர்ல அச்சடிச்சிருக்கும். என் பேரனும் மெட்ரிக்லதான் படிக்கான். போன மாசம் கிராமத்துச் சுற்றுலான்னு தனியாத் துட்டு கட்டச் சொல்லி, ஏசி பஸ்ஸுல கூட்டிட்டுப் போனாங்க. எங்கேன்னு நினைக்கீங்க? நம்ம கம்மாய்க்கரைக்குத்தான்! நீங்க ஓசியில காட்டுனா ஊரு சிரிக்கு. அவங்க துட்டு வாங்கிட்டுக் காட்டுனா எங்க வீட்டம்மா போட்டோ எடுத்து அனுப்புதா.

இன்னொண்ணு. நிஜ வாழ்க்கைப் பாடம்னு இறங்கியாச்சு, அதை அரைகுறையா நிறுத்தாதீங்க. ஓடைக்கரையில நூறு நாள் வேலைப் பலகை ஒண்ணு நிக்கு. நீளம், அகலம், ஆழம், செலவு எல்லாம் பெயிண்டுல எழுதியிருக்கு. பிள்ளைக கையில டேப்பைக் கொடுத்து ஓடையை அளக்கச் சொல்லுங்க, வெறும் பெருக்கல்தானே? பலகையும் டேப்பும் ஒத்துவந்தா எல்லாரும் கைதட்டுங்க. ஒத்துவரலைன்னா டேப்பு சரியில்லைன்னு சொல்லிச் சமாளிச்சிருங்க. எதுக்கும் மாறுதல் கலந்தாய்வு எந்த மாசம்னு விசாரிச்சு வச்சுக்கிடுங்க.

ஊராட்சித் தலைவரு யாருன்னா கேக்கீங்க? என் மருமகன்தான். இந்த யோசனையை நான் சொன்னேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிராதீங்க. காப்பி வருது, குடிச்சிட்டுப் போங்க.