மார்கழி பத்தாம் நாள் பகலுணவு: மயிலைப் பகுதியில் கிறிஸ்துமஸ் விருந்து கிடைக்குமிடம் பற்றிய ஓர் ஆய்வு

சொந்த ஊரை விட்டு வந்து மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ குடியிருக்கும் ஒருவருக்கு டிசம்பர் 25 பகல் ஒரு மணிக்கு முறையான கிறிஸ்துமஸ் சாப்பாடு எங்கே கிடைக்கும்? அறிஞர் உலகம் இந்தக் கேள்வியைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சங்ககால உப்பு வணிகத்துக்கு முனைவர் பட்டம் கொடுக்கிறார்கள். பசித்து நிற்பவனுக்கு வழி சொல்ல ஆளில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை. இதற்கு எந்த நிறுவனமும் நிதி நல்கவில்லை. சாப்பாட்டுக் கூப்பன்கள் கட்டுரையாளரின் சொந்தக் காசு.

புலம்பெயர்ந்தவர் யார் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஜெமினி பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வேலை பார்ப்பவர், கார் கம்பெனிக்கு வந்த கொரியாக்காரர் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஏக்கத்தின் அளவை வைத்துப் பார்த்தால் இவர்கள் எல்லாம் கடைசி வரிசை. முதல் வரிசை திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. டிசம்பர் 23 இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டுமென்றால் அக்டோபர் 24 காலை எட்டு மணிக்குத் தயாராக உட்கார வேண்டும். எட்டடித்து இரண்டு நிமிடத்தில் ‘வெயிட்டிங் லிஸ்ட்’ என்று திரையில் வருகிறதே, அந்தக் கணத்தில்தான் ஒருவர் புலம்பெயர்ந்தவர் ஆகிறார். அதற்கு முந்தைய நிமிடம் வரை அவர் வேலை நிமித்தம் சென்னையில் தங்கியிருப்பவர், அவ்வளவே.

அடுத்தது, முறையான சாப்பாடு எது என்ற சிக்கல். ஆளுக்கொரு முறை இருக்கிறது. நெல்லைக்காரருக்கு விடியுமுன் ஆராதனை, வந்ததும் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும், பகலுக்குப் பிரியாணி. ஆங்கிலோ இந்தியருக்குத் தேங்காய்ப்பால் விட்ட மஞ்சள் சோறு, கோஃப்தா உருண்டைக் குழம்பு, உறைப்பான டெவில் சட்னி. கோட்டயத்துக்காரருக்கு ஆப்பமும் ஸ்டூவும். கொழும்புப் பறங்கியருக்கு டச்சுக்காரர் விட்டுப்போன புரூடர் ரொட்டி. இதிலெல்லாம் தொன்மையைத் தேடுபவர்கள் ஜப்பானைப் பார்த்து மனம் தளர வேண்டும். அங்கே கிறிஸ்துமஸ் என்றால் கென்டக்கி கடைப் பொரித்த கோழி. 1974-ல் ஒரு விளம்பரம் தொடங்கி வைத்த மரபு அது. அரை நூற்றாண்டு போதும், மரபு முற்றிவிடுகிறது. இந்த முடிவு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இனிக் களஆய்வு. இத்துறையில் மூன்று கட்சிகள் உண்டு.

நட்சத்திர ஓட்டல் கட்சியின் சடங்குகள் அக்டோபரிலேயே தொடங்கிவிடுகின்றன. ஒரு நீள மேசையில் உலர்பழங்களைக் கொட்டி, ரம் ஊற்றி, கையுறை போட்ட விருந்தினர்கள் கிளறுகிறார்கள். கிளறுவது போட்டோ எடுத்து முடிகிற வரைதான். டிசம்பரில் வாசலில் இஞ்சி ரொட்டி வீடு எழும்புகிறது. உள்ளே வான்கோழி. வான்கோழிக்கு அடுத்த பாத்திரத்தில் பனீர் பட்டர் மசாலா. வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. 1492-க்குப் பிறகுதான் கப்பலேறி உலகம் சுற்றியது. மூதுரையில் மயிலைப் பார்த்து ஆடப்போய்ப் பெயரைக் கெடுத்துக்கொண்ட வான்கோழி எந்தப் பறவை என்பது வேறு ஆய்வாளர்களின் தலைவலி. அம்பாளே மயிலாக வந்து புன்னை மரத்தடியில் பூசை செய்ததாகத் தலபுராணம் சொல்கிற ஊரில் அந்தப் பறவைக்கு மேடை கிடைக்காது என்பது மட்டும் உறுதி. ஓட்டல் பில்லைப் பற்றிச் சொல்ல ஒன்றே உண்டு: அதில் பாதிக்கு நாகர்கோவில் போய்த் திரும்பலாம்.

பிரியாணிக் கட்சிக்குத் தி.நகரில் செல்வாக்கு அதிகம். உஸ்மான் ரோட்டில் துணி வாங்கிவிட்டு நேராகப் போய் உட்கார்ந்துவிடலாம். ஆனால் பிரியாணி ரம்ஜானுக்கும் உண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கும் உண்டு, தேர்தல் பிரசாரத்துக்கும் உண்டு. ஒரு நாளை இன்னொரு நாளிலிருந்து பிரித்துக்காட்டும் சக்தி அதற்கு எப்போதோ போய்விட்டது. ஆய்வு நோக்கில் அது பயன்படாது. சாப்பிட நன்றாக இருந்தது.

மூன்றாவது, அடுத்த வீட்டுக் கட்சி. உண்மையான கிறிஸ்துமஸ் சாப்பாடு எந்தக் கடையிலும் விற்பதில்லை, யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால்தான் உண்டு என்பது இவர்கள் வாதம். மறுப்பதற்கில்லை. சிக்கல் என்னவென்றால், கூப்பிடக்கூடியவருக்குப் பெரும்பாலும் நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்திருக்கும். கிளம்புவதற்கு முதல் நாள் அவர் வீட்டிலிருந்து அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து, கேக் ஒரு தட்டில் மாடிக்கு வரும். மாடியில் நடக்கும் உரையாடலைப் பல கட்டடங்களில் பதிவு செய்ததில் வேறுபாடே காணப்படவில்லை. “கேக்ல முட்டை இருக்கா?” “இல்ல மாமி, உங்களுக்குன்னே தனியாப் பண்ணினது.” பிறகு தட்டு கழுவப்பட்டு, காலியாகத் திருப்பக்கூடாதென்பதால் ஒரு கிண்ணம் சர்க்கரையுடன் கீழே இறங்கும். இவை யாவும் பலகாரமே. பகல் சாப்பாடு ஆகாது.

நியூயார்க் யூதர்கள் டிசம்பர் 25 அன்று சீன உணவகத்துக்குப் போவது நெடுநாள் வழக்கம். காரணத்தில் தத்துவம் ஏதுமில்லை: அன்றைக்குத் திறந்திருந்த கடை அது. இந்த நெறியை மயிலைக்குப் பொருத்திப் பார்க்கலாம். டிசம்பர் 25 பகலில் இங்கே திறந்திருப்பது மட்டுமல்ல, ஆண்டிலேயே மிக விமரிசையாக, தலைவாழை இலை போட்டு, வரிசை வரிசையாக ஆட்களை உட்காரவைத்துப் பரிமாறுகிற இடம் எது? சபா கேன்டீன்.

வாசகர் இதை வேடிக்கை என்று ஒதுக்கிவிடாமலிருக்க வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது.

பிரம்மஞான சபை 1882-ல் அடையாற்றில் தலைமையகம் அமைத்தது. அதன் ஆண்டு மாநாடு டிசம்பர் கடைசியில் கூடும். வெளிநாட்டுக்காரர்கள் வந்து சைவச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். 1884 மாநாட்டுக்கு வந்தவர்களில் சிலரும் ஊர்ப் பெரியவர்களுமாக 17 பேர் மயிலாப்பூரில் திவான் பகதூர் ரகுநாத ராவ் வீட்டில் கூடினார்கள். தேசிய இயக்கம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் உருவானது என்று அன்னி பெசன்ட் எழுதிவைத்திருக்கிறார். அவர் இந்தியாவுக்கு வந்ததே 1893-ல்தான் என்பதாலும், வேறு காரணங்களாலும், வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் இதை ஏற்பதில்லை. மயிலாப்பூர்க்காரர்கள் எல்லோரும் ஏற்கிறார்கள். எப்படியோ, 1885 டிசம்பர் 28 அன்று பம்பாயில் காங்கிரஸ் கூடியது. வந்தவர்களில் வக்கீல்கள் நிறைய. கிறிஸ்துமஸுக்குக் கோர்ட் மூடியிருந்தால்தான் வக்கீலுக்கு நாட்டைப் பற்றி நினைக்க நேரம் கிடைக்கும். ஆகவே மாநாடு வருடாவருடம் கிறிஸ்துமஸ் வாரத்தில் கூடுவது வழக்கமாகிப் பல காலம் நீடித்தது.

1927 டிசம்பரில் அந்த மாநாடு சென்னைக்கு வந்தது. அதையொட்டி அகில இந்திய சங்கீத மாநாடு ஒன்றையும் நடத்தினார்கள். சங்கீதத்துக்கென்று ஓர் அமைப்பு வேண்டும் என்று அங்கே பேசியதன் விளைவு மியூசிக் அகாடமி. 1928 ஆகஸ்ட் 18 அன்று சர் சி.பி. ராமசாமி ஐயர் அதைத் தொடங்கி வைத்தார். எந்த இடத்தில்? எஸ்பிளனேடில், கிறிஸ்தவ வாலிபர் சங்கக் கட்டடத்தில். இந்த ஒரு தகவலுக்காகவே இவ்வாய்வு நியாயப்படும் என்பது கட்டுரையாளரின் தாழ்மையான கருத்து.

சங்கிலியை இழுத்துப் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் இல்லையேல் கோர்ட் விடுமுறை இல்லை. விடுமுறை இல்லையேல் டிசம்பர் மாநாடு இல்லை. மாநாடு இல்லையேல் அகாடமி இல்லை. அகாடமி இல்லையேல் டிசம்பர் சங்கீத சீசன் இல்லை. சீசன் இல்லையேல் கேன்டீன் இல்லை. டிசம்பர் 25 அன்று சபா கேன்டீனில் இலை முன் உட்காருபவர், தெரிந்தோ தெரியாமலோ, கிறிஸ்துமஸ் விருந்துதான் சாப்பிடுகிறார். ஜப்பானியக் கோழியைவிட இது மூத்த மரபு என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

உள்ளடக்கச் சான்றும் வலுவாகவே இருக்கிறது. இப்பகுதியில் முதலில் வந்து குடியேறிய ஐரோப்பியர் போர்த்துகீசியர். காட்டுக்கோயில் என்று ஊரார் அழைக்கும் லஸ் மாதா கோயிலில் 1516 என்ற ஆண்டைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. கேன்டீன் இலையை அந்தக் கண்ணோடு பாருங்கள். சாம்பாரில் மிளகாய், இடது மேல் பக்கம் உருளைக்கிழங்கு ரோஸ்ட், பாயசத்தில் முந்திரிப்பருப்பு, ரசத்தில் அன்னாசி. நான்கும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துகீசியக் கப்பல்கள் திறந்த கடல்வழியில் இங்கே இறங்கியவை. இலையில் பாதி புலம்பெயர்ந்தோர்தான். உருளை ரோஸ்ட் இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் தட்டிலும் அதே பெயரில் இடம்பெறுகிறது. அங்கே வேகவைத்த களைக்கோசு என்று ஒன்று வைப்பார்கள். யாருக்கும் பிடிக்காது, ஆனால் இல்லாவிட்டால் விருந்து குறைபட்டதாக எண்ணுவார்கள். நம் இலையில் அந்தப் பதவியைச் சௌசௌ கூட்டு வகிக்கிறது.

சாப்பாட்டுக்குப் பிந்தைய சடங்கிலும் ஒற்றுமை உண்டு. ஆங்கிலேயர்கள் உண்டு முடித்துச் சாய்வு நாற்காலியில் சரிந்து, மூன்று மணிக்கு அரசரின் கிறிஸ்துமஸ் உரையைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார்கள். 1932-ல் ஐந்தாம் ஜார்ஜ் வானொலியில் தொடங்கி வைத்த ஏற்பாடு அது. இங்கே இலையை மடித்துவிட்டு, வெற்றிலை பாக்குப் போட்டுக்கொண்டு, கட்டணமில்லாத பகல் கச்சேரிக்குள் நுழைகிறோம். ஏ.சி. உண்டு, நாற்காலி மெத்தென்றிருக்கும், மேடையில் ஓர் இளம் வித்வான் கரகரப்ரியாவை விஸ்தாரம் செய்துகொண்டிருப்பார். முன்வரிசைத் தலைகள் ஆடுவது தாளத்துக்கா என்பதைத் தொலைவிலிருந்து உறுதிசெய்ய முடியவில்லை. டிசம்பர் 25 பெரும்பாலும் மார்கழி 10 ஆக அமையும். அன்றைக்குரிய திருப்பாவைப் பாசுரம், கும்பகர்ணனே தோற்றுப்போய்த் தன் தூக்கத்தைப் பரிசாகக் கொடுத்துவிட்டானோ என்று ஒரு பெண்ணைக் கேலி செய்வது. ஆண்டாளுக்குப் பகல் கச்சேரி தெரிந்திருக்கிறது.

ஆண்டாளைத் தொட்டதும் முக்கியமான ஆட்சேபம் எழுகிறது: அது மார்கழிச் சாப்பாடு, அதற்குப் போய்க் கிறிஸ்துமஸ் முத்திரை குத்தலாமா? இதற்கான விடை ஆண்டாளிடமே இருக்கிறது. நோன்புக் காலத்தில் நெய்யும் பாலும் கிடையாது என்று இரண்டாம் பாசுரத்திலேயே தீர்மானித்துவிட்டார்கள். விலக்கு நீங்குவது இருபத்தேழாம் பாசுரத்தில். முழங்கை வழியே நெய் வழியும் அக்காரவடிசில் அன்றைக்குத்தான். அது ஜனவரி 11 வாக்கில் வரும். கிறிஸ்தவர்களின் திருவருகைக் காலமும் ஒருவகை நோன்புதான். ஆனால் அது டிசம்பர் 25-லேயே முடிந்துவிடுகிறது. கேன்டீனிலோ 25-ம் தேதி பகலில் சூடாக அக்காரவடிசில் விழுகிறது, நெய் விரலிடுக்கில் இறங்குகிறது. ஆண்டாள் கணக்கில் இன்னும் 17 நாள் பாக்கி. எந்தப் பஞ்சாங்கப்படி இந்த நெய்? மாதா கோயில் காலண்டர்படி மட்டுமே இது செல்லும். பரிமாறுபவரிடம் நேரடியாகவே கேட்டாயிற்று. “இது கிறிஸ்துமஸ் ஸ்பெஷலா?” “இன்னிக்கு ஸ்பெஷல் அக்காரவடிசில் சார். இன்னொரு கரண்டி போடட்டுமா?” மறுக்கவில்லை என்பது பதிவாகிறது.

அப்படியானால் மாடவீதிக் கோயில்களில் மார்கழி முழுக்க விடியற்காலையில் தருகிற நெய்ப் பொங்கலுக்கு என்ன சொல்வது என்று மூத்த அறிஞர் ஒருவர் மடக்கினார். கேட்கும்போது அவர் கையிலேயே தொன்னை இருந்ததால் அவருடைய நடுநிலையை நம்புவதற்கில்லை.

இக்கொள்கை தோற்ற ஆண்டு ஒன்றே: 2020. அந்த டிசம்பர் 25-ல் வைகுண்ட ஏகாதசி வந்து விழுந்தது. போதாததற்குக் கொரோனா, அகாடமியின் கச்சேரிகள் இணையத்துக்குப் போய்விட்டன, கேன்டீனுக்கு வேலையில்லை. மயிலாப்பூரில் பல வீடுகளில் அன்று பகல் கோதுமை ரவை உப்புமா. அதையும் கிறிஸ்துமஸ் விருந்தாக நிறுவிக் காட்டுகிறேன் என்று ஒரு மாணவர் முன்வந்திருக்கிறார். கோதுமைக்குப் பைபிளில் போதிய ஆதாரம் கிடைத்துவிட்டதாம். கடுகு தாளிப்பும் பிரச்சினையில்லை, உவமையாகவே வந்திருக்கிறது. பெருங்காயத்தில்தான் நிற்கிறார்.