மார்கழியில் வீடு மாறலாமா? கலைத்தளங்கள் மின்மடலுக்குக் குடிபெயர்தல் பற்றிய ஆராய்ச்சி

ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறக் கூடாது என்பது வாடகைக்கு இருப்போர் அனைவரும் அறிந்த விதி. புரட்டாசியையும் இதில் சேர்ப்பார் உளர். சென்னையின் சங்கீத, நாட்டிய விமர்சகர்களையும் இவ்விதி கட்டுப்படுத்துமா என்பதை முன்னையோர் ஆராயாமல் விட்டதால் இக்கட்டுரை தேவையாயிற்று. குடிபெயர்தல் என்று ஈண்டுச் சொல்வது, சொந்த இணையதளத்தில் வருடக்கணக்காகக் கச்சேரி விமர்சனம் எழுதிவந்தவர் மூட்டை கட்டிக்கொண்டு சப்ஸ்டாக் போன்ற மின்மடல் தளத்துக்குப் போவதை. முன்பு வாசகர் தேடி வந்தார். இனி எழுத்து அவருடைய மின்னஞ்சல் பெட்டியைத் தேடிப் போகும்.

எங்கே இடிக்கிறதென்றால், கலை எழுத்துக்கு ஆள் இருப்பதே மார்கழியில்தான். பொங்கல் பானை இறங்கிய பிறகு யார் தோடியை எப்படிப் பாடினார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நல்ல நாள் பார்த்துத் தையில் பால் காய்ச்சினால் குடிக்க ஆளில்லை. மார்கழியில் காய்ச்சினால் சாஸ்திர விரோதம். இரண்டில் மார்கழியே கொள்ளத்தக்கது என்பது என் துணிபு. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டில் முளைவிட்டதுதான், மறு ஆண்டு பிறந்த மியூசிக் அகாடமி. மார்கழியில் எடுத்த காரியம் விளங்காது என்பார் இதற்கு விடை சொல்லட்டும்.

ஏன் பெயர்கிறார்கள் என்பதில் ஆராய அதிகமில்லை. வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொல்கிறார்கள். இணையப் பக்கங்களுக்கு இலவசமாக இடம் தந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009இல் இழுத்து மூடியது. பிடித்த தளங்களில் புதிதாக வந்தவற்றை ஒரே இடத்தில் திரட்டிக் கொடுத்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் போய்ச் சேர்ந்தது. மின்மடலுக்குப் போனால் நிம்மதி என்பாரும் கவனிக்க: டைனிலெட்டர் என்ற மின்மடல் சேவை 2024 பிப்ரவரி 29 அன்று மூடப்பட்டது. திவசம்கூட நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான்.

சாமான் ஏற்றும்போது உடைவன எவை? எழுத்து உடைவதில்லை. வேர்ட்பிரஸ் தரும் ஏற்றுமதிக் கோப்பில் கட்டுரைகள் முழுசாக வருகின்றன. படங்களுக்கு அவற்றின் முகவரி மட்டுமே வருகிறது. புதிய இடம் படங்களை இழுத்துக்கொள்ளும் முன் பழைய இடத்துக்குப் பணம் கட்டுவதை நிறுத்தினால், அரைமண்டியில் நின்ற நடனமணி மறைந்து, ஒரு சாம்பல் கட்டமும் அதன் கீழே 'அபிநயத்தின் உச்சம்' என்ற குறிப்பும் எஞ்சும்.

இனி, இவ்வாராய்ச்சியின் உயிர்நாடி. 102 கிலோபைட்டைத் தாண்டும் மடலை ஜிமெயில் வெட்டி, மீதியைப் பார்க்க ஒரு சுட்டியைக் கீழே தொங்கவிடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழிலோ உயிர்மெய்யின் கொம்பு, கால், மெய்யின் புள்ளி எல்லாம் தனித்தனியே எண்ணப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆங்கிலத்தில் 9 பைட்டில் அடங்கிவிடும் தீக்ஷிதர், தமிழில் 27 பைட் எடுத்துக்கொள்கிறார். கிரந்தத்தைத் தவிர்த்து 'தீட்சிதர்' என்று எழுதிப் பார்த்தேன், அதே 27. தனித்தமிழுக்கும் சலுகை இல்லை என்பது இதனால் பெறப்படும். ஆகவே சீசன் முழுவதையும் ஒரே மடலில் தொகுத்து எழுதுபவர் வெட்டுக்குத் தப்புவது அரிது. விமர்சன மரபுப்படி மிருதங்க வித்வானுக்குக் கடைசிப் பத்தியில்தான் இடம். அது வெட்டுக்கு அப்பால் போய்விடும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகும் பழக்கத்தை ஜிமெயில் எந்த சபாவில் கற்றதோ தெரியவில்லை.

மடலைத் திறந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கையும் நம்பற்க. 2021இல் ஆப்பிள் தன் அஞ்சல் செயலியில் ஓர் ஏற்பாடு செய்தது: அதைத் தேர்ந்தவர்க்கு, மடல் வந்ததுமே படங்களைத் தானே இறக்கி வைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தை மடலில் ஒட்டித்தான் திறப்பு எண்ணப்படுகிறது. எனவே, அதிகாலை மூன்று மணிக்கு என் பல்லவி விமர்சனத்தை ஐபோனில் திறந்த சித்தப்பா, உண்மையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

வாடகை விஷயம்: கட்டணச் சந்தாவில் சப்ஸ்டாக்குக்குப் பத்து சதவீதம், பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப்புக்குத் தனி. அந்த ஸ்ட்ரைப்போ 2024 முதல் இந்தியாவில் அழைத்தவர்க்கு மட்டுமே புதுக் கணக்கு தருகிறது. அழைப்பு வராத மயிலாப்பூர் விமர்சகர் சந்தா கேட்கவே வழியில்லாமல் இலவசமாக எழுதுகிறார். பழைய தளத்திலும் அவர் இலவசமாகத்தான் எழுதினார் என்பது ஒப்புநோக்கத் தக்கது.

ஜிமெயில் 2013 முதல் விளம்பர மடல்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. மின்மடல்கள் பலவும் அங்கே, பட்டுப் புடவைத் தள்ளுபடிக்கும் வங்கிக் கடன் அழைப்புக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. இதைப் படிப்பவர்கள் இன்று அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். கச்சேரி பற்றி யாராவது எழுதியிருந்தால் அதை முதன்மைப் பெட்டிக்கு நகர்த்துங்கள். கடைசிப் பத்தி வெட்டுப்பட்டிருந்தால் கீழே உள்ள சுட்டியைத் தட்டிப் படியுங்கள். மிருதங்கக்காரர் அங்கேதான் இருக்கிறார்.