பாம்பனில் நான் பார்த்தவை

எங்கள் வெள்ளிமலைக்குக் கிட்டத்து ரயில்வே ஸ்டேஷன் சின்னசேலம். அதற்கே மலையிறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் 1986-லேயே கடல்மேல் ரயிலில் போனவன் என்றால் சும்மாவா? கல்யாணமான நாளிலிருந்து பாம்பன் பாலத்தைப் பற்றி நான் வீட்டில் பேசாத வாரமில்லை. முதலில் கடலில் மீன் துள்ளியது. பையன் பிறந்ததும் அது டால்பின் ஆனது. அவன் ஆறாவது போவதற்குள் திமிங்கலமாக வளர்ந்துவிட்டது.

போன மாதம் கேட்டான்: "அப்பா, பாலத்துக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் இருந்துச்சா?"

"இல்லாமலா? இடுப்பளவு. சிவப்புப் பெயிண்ட்."

போனில் பழைய வீடியோவைக் காட்டினான். தண்டவாளம், கீழே கடல். கைப்பிடியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "அப்போ அந்தத் திமிங்கலம் எந்தக் கடல்லங்க?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தாத்தாவுக்குத் திதி கொடுக்க அப்பா என்னை ராமேஸ்வரம் கூட்டிப்போனார். சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. அப்போது ரயிலை விட்டால் கதியில்லை. காற்று அதிகம் என்று மண்டபத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். எதிர் சீட்டுப் பெரியவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடியே, "64 புயல்ல தனுஷ்கோடி பாசஞ்சரையே கடல் கொண்டுபோச்சு. பாலமும் போச்சு" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து அப்பா ஆறுதல் சொன்னார்: "பயப்படாதடா, அப்புறம் 46 நாள்லயே சரி பண்ணிட்டாங்க."

எங்கள் வீட்டுத் திண்ணையைப் பூசவே கொத்தனார் ரெண்டு மாசம் எடுத்துக்கொண்டார். கடல் பாலத்தை 46 நாளிலா? அப்பாவின் வேட்டிக்குள் முகத்தைச் செருகியவன், பாம்பன் ஸ்டேஷனில்தான் வெளியே எடுத்தேன். திரும்பி வந்தது ராத்திரி வண்டி.

கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸின் பின் ஏணியில் தொங்கிக்கொண்டு வந்தவன்தான் நான். ஆனால் மலையில் விழுந்தால் மரத்தையாவது பிடிக்கலாமே!

பார்க்காத குறையைப் படித்து ஈடுகட்டினேன். 1914-ல் திறந்த பாலம். ரெண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கப்பல் வந்தால் நடுப்பகுதி இரட்டைக் கதவுபோல மேலே தூக்கிக்கொள்ளும், அதையும் ஆட்கள் கையால்தான் சுற்றித் திறக்க வேண்டும். காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலை விடமாட்டார்கள். எல்லாம் பேப்பர் கொடுத்த ஞானம். கைப்பிடிச் சுவரைப் பற்றி ஒரு பேப்பர்க்காரராவது ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

இன்னொரு தடவை கண்ணைத் திறந்துகொண்டு போகலாம் என்று 36 வருஷம் தள்ளிப்போட்டேன். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தாயிற்று. அதில் நடுத்துண்டு லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறதாம். போகட்டும். நான் கதை விட்டது பழைய பாலத்தைப் பற்றியல்லவா?

பழைய பாலத்தில் கண்ணைத் திறந்துகொண்டு போனவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து வெள்ளிமலைக்கு வந்து, நான் என்ன பார்த்தேன் என்று சொல்லுங்கள். மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தருகிறேன். என் மனைவி வீட்டில் இல்லாத நேரமாக வந்தால் நல்லது.