கல்லாப்பெட்டியும் காலநிலையும்

காலநிலை மாற்றம் பற்றிப் பாடம் நடத்துவது ஒரு துறை. எண்ணெய்க் கம்பெனிகளில் பணம் போடுவது இன்னொரு துறை. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் பல வருஷம் சொல்லிவந்ததன் சாரம் இதுதான்.

மாணவர்களுக்கு இது விளங்கவில்லை. 2012-இல் நடந்த வாக்கெடுப்பிலேயே 72 சதவீதம் பேர் அந்த முதலீடு வேண்டாம் என்றார்கள். அடுத்த வருஷம் பல்கலைக்கழகத் தலைவர் ட்ரூ ஃபாஸ்ட், அறக்கட்டளை நிதி அரசியல் மாற்றத்துக்கான கருவி அல்ல என்று விளக்கம் தந்தார். நிதிக்கு அரசியல் கிடையாதாம். லாபம் மட்டும் உண்டு போலும்.

நவம்பர் 2019-இல் யேல் பல்கலைக்கழகத்துடன் அவர்கள் மைதானத்தில் கால்பந்தாட்டம். (அமெரிக்கக் கால்பந்து, அதில் காலுக்கு வேலை குறைவு.) இடைவேளையில் இரு தரப்பு மாணவர்களும் அந்த முதலீட்டைக் கைவிடச் சொல்லி மைதானத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதம். யேல் மைதானத்திலோ அப்போது விளக்கே கிடையாது. மின்சாரச் சிக்கனத்தில் அதை யாரும் மிஞ்ச முடியாது. அந்திக் கருக்கலில் யேல் ஜெயித்தது. உட்கார்ந்தவர்கள் பலர் மீது வழக்குப் பாய்ந்தது.

செப்டம்பர் 2021-இல் ஹார்வர்டு இறங்கிவந்தது: புதிதாக முதலீடு இல்லை, பழையது தானாகக் கரையும். அப்படிக் கரைய மிச்சமிருந்தது மொத்த நிதியில் 2 சதவீதத்துக்கும் குறைவு.